அப்பா படுத்திருக்கிறார்

இரவு முழுக்க விழித்திருந்தவனுக்குப் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நைட் ஷிப்ட் பார்க்காதவர்கள். ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே நின்று, வந்துகொண்டே இருக்கும் இரும்புத் துண்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடிந்ததும் கம்பெனி பஸ் மண்ணூரில் இறக்கிவிடும். பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவேன். வீட்டுக்கு வந்து பாயில் தலையைச் சாய்த்தால் போதும், மண்டைக்குள் அடுத்த ஷிப்ட் ஆரம்பித்துவிடும்.

கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா, விரிசல் விழுந்த துண்டு ஏதாவது என் கண்ணில் படாமல் போயிருக்குமா, தூங்காமல் இன்று ராத்திரி எப்படி நிற்கப் போகிறேன். இந்தக் கடைசிக் கவலைதான் படு மோசம். தூக்கம் வரவில்லையே என்று கவலைப்பட்டே வருகிற தூக்கத்தையும் விரட்டுவேன். கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாலில் ஜாதிக்காய் என்றார் ஒருவர், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போ என்றார் சூப்பர்வைசர். எண்ணினால் டார்கெட் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் வரிசையில் எல்லாமே ஒற்றை அறை வாடகை வீடுகள். வெளித் தாழ்ப்பாளில் கம்பெனித் தொப்பி தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் படுத்திருக்கிறான் என்று அர்த்தம். சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூடக் கதவைத் தட்டாமல் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். என் மனைவி தொப்பியோடு விடவில்லை. ஜன்னலை அட்டை வைத்து அடைத்தாள். குக்கரைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் விசில் வரவைத்து எடுத்து வந்தாள். மூன்று வயது மகளின் கொலுசைக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

"அப்பா படுத்துக்கினு கீறாரு, சத்தம் போடாத கண்ணு." கண்ணை மூடிக் கிடக்கும் என் காதில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இது விழும். பிள்ளை சீக்கிரமே பழகிக்கொண்டாள். நுனிக்காலில் நடந்தாள். சோறு வேண்டும் என்றால் தட்டைக் காட்டினாள். பேசினால் வெறும் மூச்சாகத்தான் வரும். "இன்னா ஒரு அடக்கமான கொயந்த!" என்று பக்கத்து வீட்டம்மா வாயைப் பிளப்பார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவளை அங்கன்வாடியில் சேர்த்தோம். கொஞ்ச நாள் கழித்து டீச்சர் என் மனைவியை வாசலில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, பாப்பாவுக்குப் பேச்சு வராதா?"

எல்லாப் பிள்ளைகளும் பாட்டுப் பாடும்போது இவளுக்கு உதடு மட்டும் அசைகிறதாம். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் டீச்சரின் சேலையை இழுத்துக் காதுக்குள் ஊதுகிறாளாம். யாராவது பொம்மையைப் பிடுங்கினால் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிறாளாம். மனைவி பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"காது, தொண்ட எல்லாம் பாத்துட்டாரு. ஒண்ணும் இல்லியாம். வூட்ல நல்லா பேச வுடுங்கன்னாரு." இதை என்னிடம் சொல்லும்போது அவளும் ரகசியக் குரலில்தான் சொன்னாள். அவளுக்கும் அதே பழகிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு கான்ட்ராக்டும் டார்கெட்டும் என் மண்டையிலிருந்து இறங்கிப் போய்விட்டன. ஒரே கவலைதான் மிஞ்சியது. படுத்துக்கொண்டு அவள் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு டம்ளரைக் கீழே போடமாட்டாளா என்று இருக்கும். எழுந்து உட்கார்ந்து, "கத்து கண்ணு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பேன். அவள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு எனக்காக வாயைப் பெரிதாகத் திறப்பாள். காற்றுதான் வரும். அவ்வளவு நாளும் நான் தூங்கவும் இல்லை, பிள்ளையைப் பேசவிடவும் இல்லை. நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வரும். பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தேன். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதெல்லாம் கிடையாது என்றார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் நல்ல மழை. காலையில் வந்து படுத்ததுதான் தெரியும். கனவுகூட இல்லாத தூக்கம். கண் விழித்தபோது மழை விட்டிருந்தது, சாயங்காலம் ஆகியிருந்தது. உடம்பு பஞ்சு போல இருந்தது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் பசி எடுத்தது. சந்தோஷத்தில் மனைவியை உரக்கக் கூப்பிட்டேன்.

அவள் வாசற்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கையில் கட்டுப் போட்டிருந்தது. மத்தியானம் காற்றில் இரும்புக் கதவு சாத்திக்கொண்டதில் மோதிர விரல் நசுங்கிவிட்டதாம். நகம் பிய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"அயுவலியா?" என்றேன்.

"அயுதா. இன்னொரு கையால வாயப் பொத்திக்கினு அயுதா. நான் வேற வேலையா திரும்பி நின்னேன், எனக்கே தெரியல. ரத்தத்தப் பாத்துட்டுதான் ஓடியாந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அதே மூச்சுக் குரலில் கேட்டாள்.

"நல்லா தூங்குனியாப்பா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூங்கினேன் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்து, தனக்குக் கொடுத்த வேலையைச் சரியாக முடித்துவிட்டவள் மாதிரி தலையை ஆட்டினாள்.