படத்தில் இருந்த ஹோல்

என் வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்குகிறது. நீண்டு கிடக்கும் ஒரு ஹோல், வீட்டின் முன்கூடம்; அதன் கோடியில் எட்டாத தூரத்தில் ஒரு கதவு. வருகிறவர்கள், "எந்தப் போடியார்ட வீடு இது?" என்று கேட்பார்கள். அப்படி வயல்காரப் பெரியவர் யாருடைய வீடும் இல்லை இது. நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் முட்டும், நாங்கள் வளர்ந்த வீடுதான்.

அக்காவுக்கு மலாயாவில் கிளாக்கர் வேலை பார்த்த ஒருவரைப் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே குடிவருவார், பெற்றோர் பின்வளவுக் குடிலுக்கு ஒதுங்குவார்கள். அவருக்கு ஊரில் வீட்டைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. அதனால் பெண்ணின் படத்தோடு வீட்டின் உட்புறப் படமும் கேட்டிருந்தார். முன்பு வந்த சம்பந்தங்கள் வீட்டைப் பார்த்த கையோடு முறிந்திருந்ததால் அம்மா பயந்து போயிருந்தாள்.

படமெடுத்தது மாமா, அம்மாவின் தம்பி. வாவிக் கரையோரம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். வழக்கமான லென்ஸைப் போட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பாதி அலுமாரியும் ஒரு கதிரையும்தான் தெரிந்தன. இன்னும் பின்னால் போகச் சுவர் விடவில்லை. யன்னலுக்கு வெளியே நின்றும் பார்த்தார், சரிவரவில்லை.

"இத அனுப்பினா கோழிக்கூடு எண்டு நினைப்பான்" என்றாள் அம்மா.

ஊர் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கிய குட்டை லென்ஸ் ஒன்று மாமாவிடம் இருந்தது. அதைப் போட்டதும் மூன்று சுவரும் உள்ளே வந்துவிட்டன. படம் கழுவி வந்தபோது ஹோல் நீண்டு, கதவு எங்கோ தூரத்தில் நின்றது. அம்மா பூரித்துப் போனாள். அக்காவின் முகம்தான் சுருங்கியது.

"மாமா, இது நம்மட வீடு இல்லையே."

"நம்மட வீடுதான் புள்ள. ஒரு கல்லும் நான் கூட்டி வைக்கல்ல."

மாமா சொன்னது உண்மைதான். அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

கோயிலில் தாலி கட்டி, வீட்டுக்குள் கால் வைத்த மாப்பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "படத்தில இருந்த பெரிய ஹோல் எங்க?" பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் கெட்ட மனுசனில்லை, சத்தம் போட்டதுமில்லை. பின்னேரங்களில் கமரா நின்ற மூலையில் போய் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அக்காவிடம் சொன்னார்: "வீடு சின்னன் எண்டு சொல்லியிருந்தாலும் வந்திருப்பன். படத்தக் காட்டி என்னப் பேயனாக்கிப் போட்டீங்க."

லீவு முடிந்து கப்பலேறினார். மலாயாவுக்குக் கூப்பிடுவார் என்று அக்கா காத்திருந்தாள். கூப்பிடவில்லை. பிறகு யப்பான்காரனின் சண்டை வந்து, மலாயாவிலிருந்து ஒரு சேதியும் இல்லாமல் போயிற்று. அந்த லென்ஸை மாமா மறுபடி கையில் எடுத்ததை நான் காணவில்லை.

அப்பாவும் அம்மாவும் செத்துப் போனபின் அக்கா அந்த வீட்டில் தனியாக இருந்தாள். கதிரை, மேசை, அலுமாரி எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கடைசியாக நான் போனபோது ஹோலில் ஒரு பாய் மட்டும் கிடந்தது. படத்தைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"கொண்டு போ தங்கச்சி. இப்ப வீடு இதப் போலதான் பெரிசாக் கிடக்கு."

போடியார் வீடில்லை, என் அக்காவின் வீடு என்று வருகிறவர்களிடம் சொல்வேன். இவ்வளவு பெரிய வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். அக்கா மட்டும்தான் என்பேன்.