ஃபஹாஹீல் சுவரில் ஒரு கரி வட்டம்

எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்தும் இடத்து வெள்ளைச் சுவரில், முழங்காலுக்குக் கீழே, தோசைக்கல் அளவுக்கு ஒரு கரி வட்டம் இருந்தது. குவைத்தில் ஃபஹாஹீல் என்ற கடலோர ஊரில் நாங்கள் குடியிருந்த காலம். அம்மா காரை ரிவர்ஸில் ஏற்றிச் சுவரோரம் நிறுத்துவாள். கிளப்பும்போதெல்லாம் புகைக்குழாய் கறுப்பாக ஊதும். ஊதி ஊதி உண்டான வட்டம் அது. வாட்ச்மேன் அதைக் காட்டித் தினமும் சண்டைக்கு வந்தார். பக்கத்து வீட்டு மாமிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே காரில் ஏறிக்கொண்டார்கள்.

ஏறாமல் என்ன செய்வார்கள்? அந்தக் கட்டடத்தில் கார் ஓட்டிய ஒரே தமிழ்ப் பெண் என் அம்மாதான். லைசென்ஸ் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, அழுது, விடாப்பிடியாக வாங்கியவள். அதற்கு முன்பெல்லாம் அப்பா டியூட்டி முடிந்து வரும்வரை நாங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அம்மா கைக்குச் சாவி வந்த பிறகுதான் எங்களுக்குக் கடற்கரை கிடைத்தது, மாமிகளுக்கு ஆஸ்பத்திரியும் மீன் மார்க்கெட்டும் கிடைத்தன. இப்போது பாசிங் நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் வண்டியைச் சோதித்து, ஓட்டலாம் என்று அனுமதி தருவார்களே, அது. கறுப்புப் புகை விடும் வண்டியை ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். "பாசிங் ஆகலைன்னா கலாஸ், அத்தோட முடிஞ்சுது, வந்த விலைக்குத் தள்ளிடலாம். இன்னொரு வண்டிங்கிற பேச்சே வேண்டாம்" என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா வைத்த சாம்பாரில் உப்பு இல்லை.

அப்பா நல்லவர். ஆனால் தூசி என்றால் அவருக்கு ஜென்மப் பகை. கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். எங்கள் வீட்டில் உறை போடாத பொருளே கிடையாது. டிவிக்குச் சட்டை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவர், டெலிபோனுக்குப் பூப்போட்ட துணி. புழுதிக்காற்று அடித்தால் கதவிடுக்கில் ஈரத்துண்டு வைத்து அடைத்துவிட்டு, ஏதோ போரில் ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

கராஜில் இருந்த பட்டான் பாய் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக் மாற்றினார். புகை அப்படியே இருந்தது. கடைசியில் "இஞ்சின் கதம், மேடம்" என்று, இஞ்சினே போய்விட்டதாகக் கையை விரித்தார்.

அந்த வாரம் வீட்டில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. சுடர் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. காற்று போகிற துவாரம் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். அம்மா அதைக் குத்திச் சுத்தம் செய்தாள். சுடர் நீலமாக மாறியதும், கரி ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சுவரில் இருந்த வட்டத்தை இன்னொரு விரலால் தேய்த்து, இரண்டு விரல்களையும் என் முன்னால் நீட்டினாள். "பாருடி, ரெண்டும் ஒண்ணா இருக்கா? இஞ்சின் போயிருந்தா எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அது இல்ல. வெறும் கரி. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல. பெட்ரோல் போகுது, காத்து போகல."

நேராகக் கராஜுக்குப் போனோம். அம்மாவின் இந்தி, மதுரை வெயிலில் காய்ந்த இந்தி. "பாய், ஹவா! ஹவா நஹி!" என்று பானெட்டைத் தட்டினாள். காற்று வடிகட்டி புதியது, தன் கையாலேயே மாட்டியது என்று சார், அதாவது அப்பா, முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால்தான் தொடவில்லை என்றார் பாய். அம்மா விடவில்லை. "சார் மாட்டினாலும் கோலோ!" என்றாள்.

திறந்தார்கள். புத்தம்புது ஃபில்டர்தான். அதற்குச் சட்டை போட்டிருந்தது. அம்மாவின் பழைய நீலச் சுங்குடிச் சேலையைக் கிழித்து, ரெண்டாக மடித்து, ஃபில்டரைச் சுற்றி நூலால் அழகாகக் கட்டியிருந்தார் அப்பா. போன புழுதிக்காற்றின் மண்ணெல்லாம் அதில் அப்பி, துணி களிமண் தட்டாக இறுகியிருந்தது. பாய் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா சுங்குடிப் புள்ளிகளை அடையாளம் கண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். துணியை எடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். குழாயில் அடைந்திருந்த கரி இருமலாக வெளியே வந்தது. அதன் பிறகு புகையே இல்லை. கராஜ் வாசலில் நின்று நான் கைதட்டினேன்.

அம்மா அந்தத் துணியைத் துவைத்து பால்கனிக் கொடியில் காயப்போட்டாள். டியூட்டி முடிந்து வந்த அப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தூசி போகக் கூடாதுன்னுதான்..." என்றார்.

"தூசி போகலைங்க. காத்தும் போகல" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

பாசிங் அன்று அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மா ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று ஜபிக்கிறவர், அன்று வாயே திறக்கவில்லை. சோதனைக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "யல்லா" என்று, பாஸாகிவிட்டது, கிளம்பலாம் என்பதுபோல் கையசைத்தார். அம்மா சாவியை வாங்கிக்கொண்டு நடந்து வந்த நடை இருக்கிறதே, அப்படி ஒரு நடையை நான் பிறகு எந்த மேடையிலும் பார்த்ததில்லை. சுவரைக் கழுவ அவள் வாளியோடு இறங்கியபோது அப்பா தடுத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கீழே கூட்டிப்போய் அந்த வட்டத்தைக் காட்டினார். தன் சேலைத்துணிக் கதையையும் ஒளிக்காமல் சொல்லி, "கராஜே கைவிட்டதை இவ கண்டுபிடிச்சா" என்று முடிப்பார். எங்கள் வீட்டில் அவர் உறை போடாமல் விட்ட ஒரே பொருள் அதுதான்.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். என் கார் எனக்கு, யாரையும் கேட்டு நான் சாவி எடுப்பதில்லை. போன மாதம் ஆபீஸ் வேலையாகக் குவைத் போனபோது அந்தக் கட்டடத்துக்குப் போனேன். சுவருக்குப் பலமுறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வட்டம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. போட்டோ எடுத்து, மதுரையில் இருக்கும் அம்மா அப்பா இருவருக்கும் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "வெயிலில் நிக்காதே" என்று அம்மாவிடமிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா அதே போட்டோவைத் திருப்பி அனுப்பினார். சுவரின் கீழ்ப்பகுதியில், விரலால் ஒரு கறுப்பு வட்டம் வரைந்திருந்தார்.