சாரு பிஷியின் வடகக் கல்யாணம்

கால் கழுவி முடிக்கவே மாட்டாள் சாரு பிஷி. காலை வெயில் தகரக் கூரைகளில் இறங்குகிற நேரத்துக்குப் பம்படிக்குப் போய் நிற்பாள். வலது காலை இடது காலால் தேய்ப்பாள், பிறகு இடதை வலதால். சேறும் இருக்காது, சாணியும் இருக்காது. இருபது அடி தள்ளி, கொட்டகை வாசலில், பதினோரு பெண்கள் வெள்ளைத் துணியை விரித்து மாவுச் சட்டிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து குலவைச் சத்தம் கேட்டதும் பம்பை விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி விறுவிறுவென்று வருவாள்.

"என்னடி, ஆரம்பிச்சாச்சா? நான் இல்லாம அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

கார்த்திகை பிறந்து தை முடியும்வரை தினமும் அதே கால், அதே கேள்வி. முப்பது வருஷம் இப்படி நடந்தது. யாரும் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

பிஷி என்றால் எங்கள் வங்காளத்தில் அத்தை. என் அப்பாவுக்கு அவள் உடன்பிறந்தவள் அல்ல. கிழக்கு வங்காளத்துக் குல்னாவிலிருந்து அகதிகளாக ஓடிவந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே ரயில் பெட்டியில் இருந்தன. முகாமில் உறவு சொல்லிக்கொள்ள அது போதும். கர்நாடகத்தில், சிந்தனூர்ப் பக்கத்துக் கரிசலில் அரசாங்கம் எங்களைக் கொண்டுவந்து இறக்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வருகிற வழியில், இடைத்தங்கல் முகாமில், புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஆள் குள்ளம். குரல் மட்டும் கால்வாயின் அக்கரைக்குக் கேட்கும். கொட்டகைச் சாவி இடுப்பில் தொங்கும். வெயிலுக்குக் குடை பிடிக்கமாட்டாள். அது மரியாதை இல்லையாம். "இந்த முகாமுக்கு லீவு போடாம வர்ற ஆபீசர் இவரு ஒருத்தர்தான். அவர் மூஞ்சிக்கு நேரா குடைய விரிக்கிறதா?" என்பாள். மேகம் வந்தால் அண்ணாந்து பார்த்து, "சார், பாதி ஃபைலு இங்க கெடக்கு, எங்க போறீங்க?" என்று நிஜமாகவே கோபித்துக்கொள்வாள்.

மாவு விஷயத்தில் அவளிடம் எந்தச் சலுகையும் கிடையாது. உளுந்தை அரைத்து, வெள்ளைப் பூசணியைத் துருவிப் போட்டு, கையால் அடிக்க வேண்டும். மாவு வெளுத்து நுரைத்து வரும்போது கை மரத்துப்போகும். பிஷி ஒரு சொட்டைக் கிள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுவாள். மிதந்தால் சரி. மூழ்கினால், "இன்னும் அடி." அவ்வளவுதான். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து அம்மா மூக்கு முழி என்று வர்ணித்துக்கொண்டிருந்தபோது இவள் கேட்டது ஒரே கேள்விதான். "மிதக்குமா?"

அவளுக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று உண்டு. டோல். முதல் சில வருஷங்கள் அரசாங்கம் கொடுத்த உதவி அரிசிக்கு முகாமில் அதுதான் பெயர். வரிசை நகர நகர, தலையைத் தொங்கப்போட்டுக் காலை இழுத்து இழுத்து எல்லோரும் நடந்த நடை அவள் கண்ணிலேயே நின்றுவிட்டது. யாராவது சோம்பலாக நடந்தால் போதும். "டோல் நடை நடக்காதேடி! காலைத் தூக்கி வை!"

டோல் நின்றபிறகு திட்டங்கள் வந்தன. ராய்ச்சூரிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் தையல் மிஷின் கொடுத்தது. முகாமே பாவாடை தைத்தது. தைக்காத பெண் ஒருத்தியும் இல்லாததால் வாங்க ஆளில்லை. அடுத்து மெழுகுவத்தி. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அத்தனை மெழுகுவத்தியும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு நின்றன. அப்புறம் பினாயில். ஆறு மாசம் எங்கள் சோற்றிலும் பினாயில் வாடைதான். அந்த நிறுவனத்து ஈரண்ணா நல்ல மனுஷர், அப்போது மீசை சரியாக முளைக்காத வயசு. ஒரு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு வேற என்னதாம்மா வரும்?"

"இத்தன நாளா என்ன தரட்டும்னு கேட்டீங்க சார். என்ன வரும்னு இன்னைக்குத்தான் கேக்கறீங்க."

"சரி, கேட்டுட்டேன். சொல்லுங்க."

"வடகம் வரும்."

அவர் சிரித்தார். "வடகத்துக்கு ஒரு திட்டமா?"

"திட்டம் வேணாம். ஒரு மூட்டை உளுந்து குடுங்க."

குல்னாவின் ஈரக்காற்றில் வடகம் காய நாலு நாள் ஆகும், அதிலும் பாதி பூத்துப்போகும். இங்கே ஒன்றரை நாளில் சலசலவென்று காய்ந்தது. இந்தப் பொட்டல் எங்களுக்கு என்று வைத்திருந்த ஒரே சொத்து அந்த வெயில்தான், அதைக் கண்டுபிடித்தவள் அவள். ஆறே வருஷத்தில் ஈரண்ணாவைக் கூப்பிட்டு, "சார், இனிமே டீ குடிக்க மட்டும் வாங்க" என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவர் டீ குடிக்க மட்டும்தான் வந்தார்.

அந்தக் காலைகளை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். கூரைகளிலும் வாசல்களிலும் வெள்ளைத் துணி, துணி முழுக்க வரிசை வரிசையாக வடகம், காற்றில் ஈர உளுந்தின் வாசனை. காக்காய் விரட்டுவது என் அப்பா. கழுத்தில் மப்ளரைச் சுற்றி, மூங்கில் கழியோடு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊர்க் காக்காய்க்கு வங்காளம் புரியாது என்று கன்னடத்தில்தான் திட்டுவார். பாதி நேரம் தூங்கிவிடுவார். "காக்கா வந்துருச்சு, காவக்காரரே!" என்று பிஷி கத்துவாள். அவர் கண்ணைத் திறக்காமலே கழியை ஆட்டுவார்.

சரி, பம்படிக்கு வருகிறேன்.

எங்களில் வடகம் வைக்கத் தொடங்கும்போது முதலில் ஒரு ஜோடி வைப்பார்கள். மற்றவற்றைவிடப் பெரிசாக, கூம்பு மாதிரி இரண்டு. ஒன்று மாப்பிள்ளை, ஒன்று பெண். பெண்ணின் உச்சியில் குங்குமம், இருவர் தலையிலும் அறுகம்புல். குலவையிட்டுக் கல்யாணம் முடித்தபிறகுதான் மற்ற வடகம். ஜோடியைச் சுமங்கலிதான் வைக்க வேண்டும். விதவை வைக்கக்கூடாது, பார்க்கவும் கூடாது. எங்கள் கொட்டகையில் வைத்தது என் அம்மா லாபண்யா. பிஷியை யாரும் போகச் சொன்னதில்லை. யாராவது சொல்லிவிடுவதற்கு முன்னால் அவளே போய்விடுவாள். சாவி அவளிடம், உளுந்து அவள் பொறுக்கியது, கொட்டகை அவள் போட்டது. கல்யாணம் மட்டும் அவள் பார்க்காதது.

அந்த ஜோடிதான் ஒரு தையில் எங்கள் பிழைப்பையே கவிழ்த்தது. திடீரென்று மேகம் கட்டிக்கொண்டு வர, எல்லோருமாக ஓடித் துணிகளைச் சுருட்டினோம். தனியாக எடுத்து வைக்கவேண்டிய ஜோடி மற்ற வடகத்தோடு கலந்துவிட்டது. காய்ந்தபிறகு பாக்கெட் போட்டவன் நான். ஏன் மறைக்க வேண்டும், ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் பிரியாமல் ஒரே பாக்கெட்டில் ஏறி ஹூப்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு பெரிய கடை. எங்கள் சரக்கில் முக்கால்வாசி அதற்குத்தான் போகும். அந்த பாக்கெட்டை வாங்கிய அம்மாள் வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஆள் மாதிரி இரண்டு உருவம், ஒன்றின் தலையில் சிவப்பு, கூடவே புல்! பதறிப்போய் பாக்கெட்டை நாற்சந்தியில் வீசி, பூசாரியைக் கூப்பிட்டு எலுமிச்சம்பழம் வெட்டி, சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டாள்.

கடைக்காரர் போனில் கத்தியது கொட்டகைக்கே கேட்டது. "வடகம் கேட்டா செய்வினை வச்சு அனுப்பறீங்களா? வியாபாரம் பண்றீங்களா, மாந்திரீகம் பண்றீங்களா?"

அவரை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஈரண்ணா. அதனால் அவரே ஹூப்ளிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அன்று அவருக்கு வைத்த டீ ஆறிப்போனது.

"அந்தக் குங்குமம், புல்லு எல்லாத்தையும் நிறுத்திடணும். இல்லேன்னா இதோட சரிங்கறார்."

"ஜோடி வைக்காம வடகமா? புழுத்துப் போயிரும்!" என்றார்கள் பெண்கள். என் அம்மாவும்தான். ஒருத்தியும் சட்டியைத் தொடவில்லை. வெயில் பாட்டுக்கு வந்து, வெறும் துணியில் காய்ந்துவிட்டுப் போனது. கடைசியில் எல்லோரும் பிஷியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் பாக்காத கல்யாணம். அதைப் பத்தி நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் பிஷி. பிறகு ஈரண்ணா பக்கம் திரும்பினாள். "சார், கல்யாணத்த நிறுத்த வேணாம். ஆனா ஜோடி இனிமே பாக்கெட்டுக்குள்ள போகாது. தனித் துணி, தனித் தட்டு. ஒரு சிவப்புப் புள்ளி போச்சுன்னாலும் கொட்டகைய நானே பூட்டிச் சாவிய உங்ககிட்ட குடுத்துர்றேன். அதுக்கு நான் பொறுப்பு."

ஈரண்ணா கள்ளம் இல்லாமல்தான் கேட்டார். "அது எப்படிம்மா? அந்த நேரம் நீங்கதான் பம்படியில இருப்பீங்களே?"

எல்லோரும் தரையைப் பார்த்தோம். யாருக்கும் அது தெரியவில்லை என்று இத்தனை வருஷமும் எப்படித்தான் நடித்தோமோ! பிஷி ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கார்த்திகையில் முதல் இருபது கிலோவை மட்டும் அனுப்பச் சொல்லி, சோதித்துப் பார்க்கக் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். அதற்குள் ஐப்பசியில் என் அப்பா போய்விட்டார். மூங்கில் கழி கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அம்மாவின் கையிலிருந்து சங்கு வளையலை உடைத்து எடுத்தார்கள்.

அந்த முதல் நாள் காலையில் நான் சரக்கு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிஷி வழக்கம்போல் பம்படியில் நின்றாள். கொட்டகையில் ஷிகா, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண், குங்குமச் சிமிழோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வெள்ளைச் சேலையில் எழுந்து பம்படிக்கு நடந்தாள்.

"நீ எதுக்குடி வந்தே?" என்றாள் பிஷி.

"கால் கழுவ."

"உன் காலு சுத்தமாத்தானே இருக்கு?"

"உன்னுது மட்டும் அழுக்கா, தீதி?" அக்கா என்பதற்கு எங்கள் பாஷையில் தீதி.

பிஷி பம்பை அடித்தாள். அம்மா இரண்டு காலையும் நீட்டிக் கழுவினாள். பிறகு அம்மா அடிக்க, பிஷி கழுவினாள். குலவை எழவில்லை. ஷிகாவுக்குக் கை வரவில்லை போல.

"இருபது அடிதானேன்னு நெனச்சேன் தீதி," என்றாள் அம்மா. "முப்பது வருஷம் அங்க உக்காந்து அப்படித்தான் நெனச்சேன்."

"பழகிரும்."

அந்த ஒரு சொல்தான் அம்மாவைக் கிளப்பிவிட்டது. "எனக்குப் பழக வேணாம்! உனக்கும் பழகினது போதும்! வா!" பிஷியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். தலையைத் தொங்கப்போட்டு, காலை இழுத்து இழுத்து, அந்த இருபது அடியை பிஷி டோல் நடைதான் நடந்தாள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஷிகா, நகரு," என்றாள் அம்மா. "ஜோடிக்கு யாரு பொறுப்பு? இவ. பொறுப்பு எடுத்தவதான் வைப்பா."

"விதவை கையாலயா?" என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"இங்க எந்த உளுந்துடி இவ கை படாம வந்துச்சு? முப்பது வருஷத்துல ஒண்ணு புழுத்துச்சா? சொல்லு!"

ஷிகாதான் நிம்மதியாக மூச்சு விட்டு, சிமிழை நீட்டினாள்.

பிஷி உட்கார்ந்தாள். ஏற்கெனவே மிதந்து தேறிய மாவை மறுபடி ஒரு சொட்டுக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. தனித் துணியில் மாப்பிள்ளையை வைத்தாள். பெண்ணை வைத்தாள். பெண் கொஞ்சம் கோணலாகச் சாய, இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டாள். அறுகம்புல் வைத்தாள். மோதிர விரலைச் சிமிழில் தொட்டுப் பெண்ணின் உச்சியில் ஒற்றினாள். முதல் குலவை ஷிகாவுடையது. பிறகு எல்லோரும் இட்டார்கள், முணுமுணுத்தவளும் சேர்த்துத்தான்.

அந்த இருபது கிலோவில் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் ஹூப்ளிச் சரக்கை சிந்தனூர் லாரி ஆபீசில் இறக்குவது என் வண்டிதான். பிஷிக்கு எழுபது தாண்டிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் அவளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் காலைதான்.

குலவை அடங்கியதும் அவள் பெரிய துணிப் பக்கம் திரும்பினாள். மோதிர விரல் நுனியில் சிவப்பு இருந்தது. பாக்கெட்டில் ஒரு புள்ளிகூடப் போகக்கூடாது. ஒரு சொம்புத் தண்ணீர் போதும், பம்பும் அங்கேயேதான் இருந்தது. பிஷி எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு விரலை மட்டும் மாவில் படாமல் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம் கடைசித் துணி நிறையும்வரை மற்ற நாலு விரலாலேயே வடகம் வைத்தாள்.