அணைய மறுத்த அலிப்பூர் கணினி

கணினி பழுது பார்ப்பவனை எல்லோரும் "ஆன் ஆகலை" என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "ஆஃப் ஆகலை" என்று என்னைக் கூப்பிட்டவர் ஒரே ஒருவர். லினக்ஸோடு மல்லுக்கட்டிய அன்பர்களே, நீங்களாவது நம்புங்கள்.

காலி செய்யாதவர்

அவர் கல்கத்தா அலிப்பூரில் வக்கீல். அங்கே உகில்பாபு என்பார்கள். குடித்தனக்காரர்களைக் காலி செய்ய வைக்கும் வழக்குகள்தான் அவர் பிழைப்பு. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடும் அவருடைய கணினியை அணைக்கச் சொன்னால் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடும். 'பவர் டவுன்' என்று திரையில் எழுதும். அப்புறமும் உள்ளே விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும்.

எதிர் அறையில் ஒருமுறை தீப்பிடித்ததிலிருந்து, எல்லா இயந்திரமும் நிற்கும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பது உகில்பாபுவின் உத்தரவு. மாட்டிக்கொண்டவர் டைப்பிஸ்ட் மங்களம் அக்கா. கடைசி ரயில் நேரம் வந்தால்தான் உகில்பாபு தானே காவல் இருந்து அவரை விடுவார். ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சியில், காக்கிமா என்று அவர் கூப்பிடும் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர். "பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், கெடுதல் இல்லை" என்றேன். உகில்பாபு பதறிப்போனார்.

"மோஷாய், ஐயா, காலி பண்றேன்னு எழுதிக் கொடுத்தவனைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினா நாமதான் உள்ளே போகணும், அது தானாப் போகட்டும்!"

லோட் ஷெடிங்

மறுநாள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்: சாயங்கால மின்வெட்டு. மூன்று பேரும் ரயிலுக்குக் காத்திருப்பதுபோல் அதற்குக் காத்திருந்தோம். வந்தது. விளக்கு அணைந்தது, கூரை விசிறி நின்றது. கணினி மட்டும் நிற்கவில்லை, அதற்கு யூ.பி.எஸ். இருந்தது, பேட்டரியும் புதுசு. இருட்டில் யூ.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்தியது.

"தம்பி, என் பிள்ளை அழுதா தட்டித் தூங்க வைப்பேன், இதை எங்கே தட்டறது?"

ஆரஞ்சுப் பொட்டு

அடுத்த நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காக்கிமா போன் செய்தார். அக்கா கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கணினி கிளம்பும்போது ஓடும் வரிகளைப் பொறுமையாகப் படித்தேன். விஷயம் அங்கே இருந்தது: இயந்திரம் பழசு என்பதால், மின்சாரத்தை நிறுத்தும் வேலையையே லினக்ஸ் கைவிட்டிருந்தது. துவக்க வரியில் ஒரு சொல் சேர்த்து அந்த வேலையைச் செய்யச் சொன்னேன். அணைத்தோம். விசிறி நின்றது.

அக்கா பையை எடுத்தார். உகில்பாபு கை நீட்டித் தடுத்தார். மானிட்டர் ஓரத்தில் ஆரஞ்சுப் பொட்டாக ஒரு சிறு விளக்கு எரிந்தது. "உள்ளே இன்னும் ஆள் இருக்கு!" என்றார். அக்கா மானிட்டர் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, வாசலைத் தாண்டிக்கொண்டே சொன்னார்:

"ஆள் போயாச்சு சார், அவர் அணைக்காம விட்ட லைட்டை நான் அணைச்சுட்டேன், இப்ப நானும் போயாச்சு!"

கணினியை அணைக்க ஒரு சொல் போதுமாக இருந்தது. உகில்பாபுவை நிறுத்த அப்படி ஒரு சொல் லினக்ஸில் எங்கே தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.