துண்டு விழுந்த பட்ஜெட்டும் அக்காவின் பள்ளிக்கூடமும்

அந்தக் காலத்துத் தலைவர்களுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். மேடை ஏறினால் மட்டும் மறந்துவிடும். ரசத்தில் உப்பு போதவில்லை என்பதைத் தமிழில் சொல்கிறவர்கள், கஜானாவில் பணம் போதவில்லை என்பதை இங்கிலீஷில்தான் சொல்வார்கள். பக்கத்தில் நின்று அதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழாக்க ஓர் ஆள் வேண்டும். முப்பதுகளில் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அந்த ஆள் நான். இரண்டு கட்சிக்கும் நானே. கொள்கை இல்லாதவன் என்று யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்தத் தொழிலுக்கு அது ஒரு தகுதி.

சர்க்கார் கட்சிக்கு அடையாற்று மிராசுதார். எதிர்க்கட்சிக்கு மாடவீதி வக்கீல். ஒரு வருஷம் பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. உடனே மிராசுதார் கட்சிக்குச் சிக்கனம் வந்துவிட்டது. நொச்சிக்குப்பம் பள்ளிக்கூடத்தின் மானியத்தை நிறுத்தினார்கள்.

அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள் என் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். காலையில் ஈர மணலில் நடந்து போவாள். சாயங்காலம் புடவையெல்லாம் கடலும் கருவாடும் மணக்க, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரும்புவாள். பள்ளிக்கூடம் மூடியதும் அவளுக்கு மிஞ்சியது எங்கள் சமையலறையின் புகை.

வக்கீல் கொதித்தார். தெருத்தெருவாக ஒரே பிரசங்கம். "குழந்தைகளின் பலகையைப் பிடுங்கிவிட்டு ஊட்டிக்கு ஓடுகிறார்கள் மந்திரிகள்! துண்டு விழுகிறதென்று பள்ளிக்கூடத்தில் கை வைப்பவன் மனிதனா? நாங்கள் வந்தால் முதல் மாதமே மானியம்!" நான் என் பங்குக்கு ஓர் அலையையும் ஒரு நிலவையும் சேர்த்துக்கொடுத்தேன்.

தேர்தலில் வக்கீல் கட்சி ஜெயித்தது. துண்டு மட்டும் கட்சி மாறாமல் விழுந்துகொண்டே இருந்தது.

"ஏண்டா, ஒங்க வக்கீல் ஜெயிச்சுட்டாரே, மானியம் எப்ப வரும்?" என்றாள் அக்கா.

"துண்டு விழறதாம்க்கா."

"போன வருஷமும்தான் விழுந்துது. அயோக்கியத்தனம்னாரே?"

"அப்போ விழுந்தது கட்சித் துண்டு. இப்போ விழறது தேசத்துத் துண்டு."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்தாள்.

இதற்குள் மிராசுதாருக்கு மனசாட்சி முளைத்திருந்தது. குழந்தைகளைப் பட்டினி போடும் கபடதாரிகள் என்று வக்கீல் கட்சியைத் திட்டினார். யாரைப் பார்த்து யார் பேசுவது என்று வக்கீல் திருப்பினார். இரண்டு கோபத்தையும் நானே தமிழாக்கினேன்.

பிறகு நொச்சிக்குப்பத்திலேயே கூட்டம். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது, பள்ளிக்கூடம் பொறுத்திருக்கத்தான் வேண்டும் என்று வக்கீல் இங்கிலீஷில் நயமாகச் சொன்னார். பட்ஜெட், பள்ளிக்கூடம் என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும், செக்குமாடு போல் பழகிய என் நாக்கு பழைய தடத்திலேயே புறப்பட்டுவிட்டது. பலகை, ஊட்டி, மனிதனா, முதல் மாதமே மானியம். கடற்கரை அதிரக் கைதட்டினார்கள்.

வக்கீல் என் தமிழைக் கேட்டதே கிடையாது. நான் பேசும்போது சோடா குடித்துக்கொண்டு அடுத்த இங்கிலீஷ் வாக்கியத்தைத் தேடுவார். ஜனங்கள் சிக்கனத்தை இவ்வளவு ரசிக்கிறார்களே என்று பூரித்துக் கும்பிட்டார்.

இறங்கியதும் ஒரு மீன்காரி வழிமறித்தாள்.

"இன்னா சாமி, பேச்சு மாற மாட்டியே?"

"பேச்சு மாறற பழக்கமே எனக்குக் கிடையாதும்மா!"

"கேட்டுக்கினீங்களா? இஸ்கூலு தொறக்குது!" என்று அவள் குப்பத்துக்கே கூவினாள். வக்கீலின் புன்னகை அப்படியே உறைந்து நின்றது.

மறுநாள் மிராசுதார் கட்சிப் பத்திரிகை அந்த வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் போட்டு, காப்பாற்றுவாரா என்று கேட்டது. வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் என்ன சொன்னேன், நீர் என்ன சொன்னீர், ஓய்?"

"போன வருஷம் நீங்க சொன்னதைத்தான் ஸார்."

வெகுநேரம் விசிறிக்கொண்டார். மானியம் இல்லை என்று சொன்னால், தானே கபடதாரி என்று ஒப்புக்கொண்டதாகும். மானியம் வந்தது. அக்கா மறுபடி ஈர மணலில் நடந்தாள்.

அடுத்த பட்ஜெட்டில் துண்டு இன்னும் பெரிதாக விழுந்தது. மந்தைவெளி மேடையில் மிராசுதார் முழங்கினார்: குப்பத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வாரி இறைத்தால் வேறென்ன ஆகும்? பக்கத்தில் நான். அந்த ஒரு வாக்கியம் வந்தபோது எனக்குப் பலமான இருமல் வந்துவிட்டது. தமிழில் அது சொல்லப்படவே இல்லை.