எட்டும் ஒரே சிவப்பு

பழைய தகரப் பொம்மை ரயில் பெட்டிகளைச் சேர்ப்பவன் நான். அதிலும் நிற வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஆனால் பெயிண்ட் டின் மாறும்போது ஒன்று செங்கல் சிவப்பாகும், ஒன்று காவியாகும், இன்னொன்று மிளகாய்ப்பழச் சிவப்பாகும். அப்படி ஏழு பெட்டிகள் ஷோகேஸில் இருந்தன. பார்ப்பவர்களுக்கு எல்லாமே சிவப்புதான். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

எட்டாவது பச்சை. அந்த மாடலில் பச்சை அபூர்வம். பல வருடம் நாயாய் அலைந்து, சென்னீர்குப்பத்தில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த மிக்ஸி ஜார்களுக்கு அடியிலிருந்து எடுத்தேன். ஆவடி வரும்வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மனைவியின் அண்ணனுக்கு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பில் வேலை. ஆயுத பூஜை வந்தால் அவர் கை சும்மா இருக்காது. கண்ணில் படும் இரும்பையெல்லாம் கழுவி, தேய்த்து, ஒரு கோட் அடித்து, அதன்மேல்தான் சந்தனப் பொட்டு வைப்பார். எங்கள் வீட்டு கேட்டும் ஸ்டூலும் வருடாவருடம் அவர் கையால் புதிதாகும். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நன்றி சொல்வேன்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆபீஸ் விட்டு வந்தேன். வீடு முழுக்கத் தின்னர் நாற்றம். ஷோகேஸில் எட்டுப் பெட்டிகளும் வரிசையாக, பளபளவென்று, ஒரே சிவப்பில் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

"இன்னா மாப்ளே, எப்டி கீது?" என்றார் மச்சான். "ஒண்ணு மட்டும் பச்சையா, தனியா கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. அதையும் கூட்டத்துல சேத்துட்டேன்."

"மத்த ஏழையும் ஏன் மச்சான் தொட்டீங்க?"

"ஷேடு மேட்ச் ஆவணும்ல? ஒண்ணு ஒரு மாதிரி, ஒண்ணு ஒரு மாதிரி இருந்தா நல்லாவா கீது?"

மேல் பெயிண்ட்டை மட்டும் துடைத்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்ம வேலைல அந்தப் பேச்சே கெடையாது. பழசை அடியோட சொரண்டிட்டுத்தான் பிரைமரே அடிச்சேன்."

மனைவியைப் பார்த்தேன். பச்சையின் அருமையை நூறு தடவை கேட்டவள் அவள். ஷோகேஸ் சாவியும் அவளிடம்தான் இருந்தது.

"அண்ணன் லீவு போட்டு வந்து செஞ்சாரு," என்றாள். "ஒரு வார்த்தை நல்லாருக்குன்னு சொன்னா இன்னா?"

நல்லா இருக்கு என்று சொன்னேன். சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவர் கொடுத்த பொரியை வாங்கி மென்றேன்.

அவர் போனபின், பச்சையை மட்டுமாவது தனியே எடுத்து வைக்கலாம் என்று ஷோகேஸைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, அடியைப் பார்த்தேன். அடியிலும் அடித்திருந்தார். நல்ல வேலைக்காரர். செங்கல் எது, காவி எது என்று இருட்டிலேயே சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். எட்டில் என் பச்சை எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.