விசாலாட்சியின் குரலுக்கு வைத்த மெட்டு

ஹாலிஎலயிலிருந்து வந்த ஆள் கடை வாசலில் நின்று, "வேலு போயிட்டாருங்க, காய்ச்சல்லதான்" என்றபோது நான் துணி அளந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வருமுன்னே உள்ளிருந்து என் மனைவி விசாலாட்சி "அத்தான்!" என்று அலறினாள். அந்த நேரத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது. இரங்கல் குறிப்பில் இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதே மரியாதை. ஆனால் என்னைவிட இளையவன் வேலு. அவனை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் விசாலாட்சியின் அத்தை மகன், முறைமாப்பிள்ளை. தேயிலைப் பெட்டி அடிக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. எனக்கோ பதுளையில் துணிக்கடை. பெண்ணை எனக்குக் கொடுத்தார்கள். ஜெயித்தது நான்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவன் நான். விசாலாட்சி பாடும்போது ஓர் இடத்தில் அவள் குரல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே போய் நிற்கும். சுருதி விலகுகிறது என்று கடிந்துகொள்வேன். வேலு ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் சிரித்துவிட்டான். "விலகுறது அவ இல்லண்ணே, உங்க பொட்டி. குரலுக்குத்தான் பொட்டிய வெட்டணும்."

சொன்னதோடு விட்டானா? சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பழைய கிதாரை ஏலத்தில் எடுத்தான். அதன் கழுத்தில் குறுக்கே ஓடிய, சுரத்துக்கு இடம் காட்டும் பித்தளை மெட்டுகளைப் பிடுங்கிப் போட்டான். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே சிறு துண்டுகள் வெட்டி, வீணைக்கு வைப்பதுபோல் மெழுகில் பதித்தான். எல்லாம் என் வீட்டுக் கூடத்தில், என் காப்பியைக் குடித்துக்கொண்டே! அவள் பாடப் பாட, மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவான். "இன்னொருக்கா பாடு புள்ள" என்பான். அவளும் பாடுவாள். எனக்கு வயிறு எரியும்.

அடுத்த பஜனையில் அந்த இடத்துக்கு வந்தபோது குரலும் தந்தியும் ஒன்றாகப் போய் நின்றன. மடுல்சீமையிலிருந்து வந்த பாட்டுக்காரர் தமக்கும் வாசிக்கச் சொன்னார். வேலு கை கூப்பிவிட்டான். "இது வேற யாருக்கும் சேராதுங்க." மற்றவர்கள் பாடினால் அது அபசுரமாகத்தான் ஒலித்தது. அவ்வளவு கெட்டிக்காரன், தன் வித்தை முழுவதையும் என் மனைவியின் தொண்டைக்கே வைத்துவிட்டான். தப்பாக ஒரு பார்வை, ஒரு சொல் கிடையாது. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை, பாவி.

கருமாதி முடிந்ததும் அவன் தாயார் கிதாரை விசாலாட்சியிடம் கொடுத்தார். "ஒனக்குன்னு செஞ்சது, நீயே வச்சிக்க தாயி." அது என் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. போன வாரம், மழைக்குக் கடையில் ஆளில்லாத வேளையில், விளக்கை ஏற்றி, அவள் குரல் போய் நிற்கும் அந்த இடத்து மெட்டின் மெழுகை இளக்கினேன். என் ஆர்மோனியக் கட்டைக்குச் சேரும்படி நகர்த்தியும் விட்டேன்.

அப்போது விசாலாட்சி அடுப்படியில் பாட ஆரம்பித்தாள். அவன் போனபின் அவள் பாடியது அதுதான் முதல் தடவை. நான் தந்தியைத் தட்டினேன். சேரவில்லை. மெட்டைச் சற்றே தள்ளினேன், மறுபடி தட்டினேன். அவள் குரல் நின்ற இடத்தில் தந்தியும் போய் நின்றதும் பாட்டு அறுந்தது.

"யாருங்க அங்க?"

"நாந்தான். இன்னொருக்கா பாடு புள்ள" என்றேன்.

விரல் சுட்டது. மெழுகு இறுகும்வரை எடுக்கவில்லை. வேலுவின்மேல் எனக்குள்ள வயிற்றெரிச்சல் என்னோடு இருக்கும். அவன் வைத்த மெட்டும் அவன் வைத்த இடத்திலேயே இருக்கும்.